கடற்காற்று கல்லைத் தின்னுமா? மாமல்லபுரம் கரையில் ஒரு வேதியியல் பாடம்!

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அடுத்து, சுற்றுச்சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகளைப் பார்ப்பார்கள். அவற்றில் பல நந்திகளின் முகம் மழுங்கிப்போயிருக்கும். சுவரில் இருக்கும் சிற்பங்களிலும் விரல், மூக்கு, நகை என்று நுணுக்கமான பகுதிகள் கரைந்தாற்போல் இருக்கும். "கடற்காத்து தின்னுடுச்சு" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில் இது. சுமார் 1,300 ஆண்டுகளாகக் கடலை ஒட்டி நிற்கிறது. மாமல்லபுரத்தின் மற்ற சின்னங்களோடு சேர்த்து 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

உளியே திணறும் கருங்கல்லைக் காற்று எப்படித் தின்னும்? இரண்டு வழிகளில் தின்னும். ஒன்று இயற்பியல் மாற்றம், இன்னொன்று வேதியியல் மாற்றம். பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்த அதே சமாசாரம்தான். ஆனால், இந்தக் கோயிலைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு அது தேர்வுக் கேள்வி இல்லை. எந்தச் சேதம் எந்த வகை என்று தெரிந்தால்தான், எதைத் தடுக்கலாம், எதைத் திருப்பலாம், எதைத் திருப்பவே முடியாது என்று முடிவெடுக்க முடியும்.

'திரும்பி வருமா?' என்பது சரியான கேள்வியா?

இயற்பியல் மாற்றம் என்றால் மீளும், வேதியியல் மாற்றம் என்றால் மீளாது. பலருக்கும் நினைவில் இருக்கும் சூத்திரம் இதுதான். ஐஸ் உருகினால் தண்ணீர், மறுபடி உறையவைத்தால் ஐஸ். காகிதம் எரிந்தால் சாம்பல், சாம்பல் மறுபடி காகிதமாகாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், மாமல்லபுரம் கடைவீதியில் நாலு அடி நடந்தாலே இந்தச் சூத்திரம் தடுமாறிவிடும்.

சாலையோரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் ஸ்தபதி உளியால் கல்லைச் செதுக்குகிறார். சில்லு சில்லாகக் கல் தெறிக்கிறது. அந்தச் சில்லுகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி பழைய கல்லாக்க முடியுமா? முடியாது. அப்படியானால் அது வேதியியல் மாற்றமா? இல்லை. சில்லும் அதே கல்தான், பிள்ளையாராக நிற்பதும் அதே கல்தான். உருவம் மட்டுமே மாறியிருக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்து கிரஷர்களில் பாறையை உடைத்து ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் ஆக்குவதும் இதே கதைதான். மீளவே மீளாத இயற்பியல் மாற்றம்.

இப்போது எதிர்ப்பக்கம் பார்க்கலாம். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும். 100 கிலோ சுத்தமான கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ எங்கே? கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விட்டது. அந்தச் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, ஆவி பறக்கும். அதுதான் நீற்றிய சுண்ணாம்பு. அதைக் குழைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். சூளைக்குப் போன கிளிஞ்சல் எந்தப் பொருளோ, சுவரில் காய்ந்த சுண்ணாம்பும் அதே பொருள். பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரை ஆண்டுகள் போகப் போகக் கெட்டிப்படுவதற்குக் காரணம் இதுதான்.

சுட்டது, நீற்றியது, பூசிக் காய்ந்தது மூன்றுமே வேதியியல் மாற்றங்கள். ஆனால், சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே நிற்கின்றன!

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'திரும்புமா?' என்பது இல்லை. 'புதுப் பொருள் ஒன்று உண்டாகியிருக்கிறதா?' என்பதுதான். பொருள் அதுவே என்றால் இயற்பியல் மாற்றம். வேறு பொருள் பிறந்துவிட்டால் வேதியியல் மாற்றம்.

உப்பளமும் நெம்மேலியும்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் செய்யூர்ப் பக்கம் போனால் உப்பளங்களைப் பார்க்கலாம். பாத்தி பாத்தியாக உப்புநீரைத் தேக்கி, வெயிலில் வற்றவைக்கிறார்கள். நீர் அடர்த்தியாகும்போது முதலில் ஜிப்சம் போன்றவை படியும். அதற்கு அப்புறம்தான் சாப்பாட்டு உப்பு பூக்கத் தொடங்கும். இங்கே எந்தப் புதுப் பொருளும் உருவாகவில்லை. நீர் ஆவியானது, கரைந்திருந்த உப்பு வெளியே வந்தது. அவ்வளவுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் ஆலை இதையே தலைகீழாகச் செய்கிறது. உப்பளத்துக்கு உப்பு வேண்டும், ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் முதல் ஆலை 2013-லும், 15 கோடி லிட்டர் திறன் கொண்ட அடுத்த ஆலை 2024-லும் செயல்பாட்டுக்கு வந்தன. நுண்ணிய சவ்வின் வழியே கடல்நீரை அதிக அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். நீர் மறுபக்கம் வருகிறது, உப்பு இந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. உப்பைப் பிரிக்கும் அந்த முக்கியமான படி, இயற்பியல் முறைதான். நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் நடப்பதும் இதுவே.

இந்தப் பக்கம் சோறு போடும் உப்பு, அந்தப் பக்கம் கோயிலுக்கு எமனாக நிற்கிறது.

உப்பு பூக்கும், கல் உதிரும்

அலை தெறிக்கும் தூவலும் உப்புக் காற்றும் கோயில் கல்லின் மேல் படிகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியாக உப்புநீர் உள்ளே இறங்குகிறது. பகல் வெயிலில் நீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் துளைக்குள்ளேயே படிகமாக வளரும். இடம் போதாதபோது துளையின் சுவர்களைத் தள்ளும். இரவில் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். மறுநாள் வெயிலில் மறுபடி படிகம். தினமும் இப்படிக் கரைவதும் வளர்வதுமாகத் தள்ளித் தள்ளி, கல்லின் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்கிறது. கூடவே, காற்றில் பறந்துவரும் மணல் உப்புத்தாள் மாதிரித் தேய்க்கிறது.

இது முழுக்க இயற்பியல் சேதம். உப்பு உப்பாகவே இருக்கிறது, கல் கல்லாகவே இருக்கிறது. ஆனால், கல் உடைந்துபோகிறது.

இன்னொரு தாக்குதல் ஓசையில்லாமல் நடக்கிறது. கருங்கல் ஒரே பொருளால் ஆனது கிடையாது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா போன்ற கனிமங்கள் நெருக்கமாகக் கோத்துக்கொண்டிருக்கும் கூட்டணி அது. மழைநீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. அந்த நீர், ஃபெல்ட்ஸ்பாரை நிதானமாகக் களிமண்ணாக மாற்றுகிறது. பீங்கான் செய்யப் பயன்படுகிற கயோலின் என்ற வெள்ளைக் களிமண்கூட இப்படிப் பிறப்பதுதான். இரும்புச்சத்துள்ள கனிமங்கள் துருப்பிடித்துப் பழுப்புக் கறையாகின்றன. குவார்ட்ஸ் மட்டும் லேசில் அசைந்து கொடுக்காது. ஆனால், பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்த ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிட்டால், குவார்ட்ஸ் துகள் பிடிமானம் இல்லாமல் உதிர்ந்துவிடும். காலடியில் கிடக்கும் கடற்கரை மணலின் பெரும்பகுதி இப்படி ஏதோ ஒரு பாறையிலிருந்து தப்பி வந்த குவார்ட்ஸ்தான்.

இது வேதியியல் சேதம். ஃபெல்ட்ஸ்பார் இருந்த இடத்தில் இப்போது இருப்பது வேறொரு பொருள்.

காகிதக்கூழ் வைத்தியம்

சேதம் இரண்டு வகை என்பதால் வைத்தியமும் இரண்டு வகை. முதல் வகைக்கு இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் கையாளும் முறை மிக எளிமையானது. காகிதக்கூழைச் சுத்தமான நீரில் ஊறவைத்துக் கல்லின் மேல் பற்றுப்போல் அப்புகிறார்கள். கூழிலிருக்கும் நீர் கல்லின் துளைகளுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் உப்பைக் கரைக்கிறது. கூழ் காயும்போது, கரைந்த உப்பு நீரோடு வெளியே வந்து கூழில் படிந்துவிடுகிறது. காய்ந்த பற்றை உரித்து எடுத்தால் உப்பும் கூடவே வந்துவிடும். உப்பின் அளவு குறையும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

உப்பு கல்லோடு சேர்ந்து வேறு பொருளாக மாறியிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அது உப்பாகவே உள்ளே உட்கார்ந்திருப்பதால்தான், கரைத்து வெளியே எடுக்க முடிகிறது.

இரண்டாவது வகைக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது. களிமண்ணாகிப்போன ஃபெல்ட்ஸ்பாரைக் கோயில் சுவரிலேயே மறுபடி ஃபெல்ட்ஸ்பாராக்க வழியில்லை. உதிர்ந்த நந்தியின் முகமும் வராது. இனிமேல் போகாமல் தடுப்பதுதான் ஒரே வழி. கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே பாறைகளைக் கொட்டித் தடுப்பு அமைத்ததும், காற்றையும் மணலையும் மட்டுப்படுத்தச் சவுக்கு மரங்களை வளர்த்ததும் அதற்காகத்தான்.

மண்ணுக்குள் கிடந்த செங்கல்

வேதியியல் மாற்றம் என்றாலே அழிவு என்று நினைத்துவிட வேண்டாம். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது சாளுவன்குப்பம். 2004 சுனாமி அங்கே மணலை அரித்துக்கொண்டு போனதில் கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அதைத் தொடர்ந்து நடந்த அகழாய்வில், பழைமையான முருகன் கோயில் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் அடித்தளத்தில் இருக்கும் செங்கல் கட்டுமானம் சங்க காலத்தைச் சேர்ந்தது என்று தொல்லியல் துறையினர் கருதுகிறார்கள்.

பச்சைக்கல்லைத் தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகிவிடும். அதைச் சூளையில் சுட்டுவிட்டால்? எத்தனை மழை பெய்தாலும் சேறாகாது. சூளை நெருப்பில் களிமண்ணின் உள்கட்டமைப்பில் பிணைந்திருந்த நீர் வெளியேறி, புதிய கனிமங்கள் உருவாகி, துகள்கள் ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. வெயிலில் காய்வது இயற்பியல், சூளையில் வேகுவது வேதியியல். அந்த ஒரு வித்தியாசம்தான், பல நூறு ஆண்டுகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்த செங்கல்லைச் செங்கல்லாகவே திருப்பித் தந்திருக்கிறது.

உங்கள் வீட்டுச் சுவரில்…

கோயிலுக்கு நடப்பது வீட்டுக்கும் நடக்கும். கடலோர ஊர்களில் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, பெயின்ட் உரிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இயற்பியல் சேதம். மேலே புதிதாக ஒரு கோட் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் மறுபடி உரியும். ஏனென்றால், உப்பும் ஈரமும் உள்ளேயே இருக்கின்றன. காய்ந்திருக்கும்போதே பிரஷ்ஷால் உப்பைத் தட்டி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும்.

கூரையில் கம்பி போகும் திசையிலேயே விரிசல் விட்டு, கான்கிரீட் பெயர்ந்து விழுந்தால் அது வேறு கதை. உப்பில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு என்பது இரும்பு இல்லை. இரும்பு, ஆக்சிஜன், நீர் சேர்ந்து உருவான புதுப் பொருள். கரைந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அது அடைத்துக்கொள்ளும். அந்த வீக்கம்தான் கான்கிரீட்டைப் பிளக்கிறது. வேதியியல் மாற்றம் உள்ளே நடக்கிறது, இயற்பியல் சேதம் வெளியே தெரிகிறது.

விரிசலின் மேல் சிமென்ட் பூசி மறைத்தால் துரு நின்றுவிடாது. தளர்ந்த கான்கிரீட்டை உடைத்தெடுத்து, கம்பியைத் துரு போகச் சுத்தம் செய்து, பாதுகாப்புப் பூச்சு கொடுத்த பிறகே மூட வேண்டும். கம்பி அதிகமாக மெலிந்திருந்தால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. புதிதாக வீடு கட்டுபவர்கள் உப்புத் தண்ணீரையும் கடற்கரை மணலையும் கலவையில் சேர்க்கவே கூடாது என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான்.

மீன் கூடையில் ஒரு எச்சரிக்கை

சமையலறையிலும் இந்த வித்தியாசம் முக்கியம். கோவளத்திலோ கொக்கிலமேட்டிலோ கரையேறும் மீனை ஐஸில் போடுகிறார்கள். மீன் உறைவதும் இளகுவதும் இயற்பியல் மாற்றம். மீன் கெட்டுப்போவது வேதியியல் மாற்றம். பாக்டீரியாக்கள் மீனிலிருக்கும் பொருள்களைப் பிரித்து டிரைமெத்தில் அமீன் போன்ற புதிய பொருள்களை உருவாக்குகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அதனுடையதுதான். ஐஸ் அந்த வேகத்தைக் குறைக்கும். நடந்து முடிந்ததைத் திருப்பாது.

சூரை, காணாங்கெளுத்தி வகை மீன்களில் இன்னும் கவனம் வேண்டும். இவற்றைப் பிடித்த பிறகு குளிரில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமைன் என்ற பொருள் உருவாகும். சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, உடம்பில் தடிப்பும் தலைவலியும் வரலாம். ஒருமுறை உருவாகிவிட்ட ஹிஸ்டமைனைக் குழம்பின் கொதியும் அழிக்காது, ஃப்ரீசரின் குளிரும் அழிக்காது. வாங்கிய மீனை உடனே குளிரில் வைப்பது ஒன்றே பாதுகாப்பு.

அடையாளங்கள் ஏமாற்றும்!

நிறம் மாறுவது, குமிழி வருவது, வெப்பம் அல்லது ஒளி வெளிப்படுவது, புது வாடை வீசுவது ஆகியவற்றை வேதியியல் மாற்றத்தின் அடையாளங்களாகச் சொல்வார்கள். இவை துப்புகள்தான், தீர்ப்பு இல்லை. சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி வருகிறது. அது கரைந்திருந்த வாயு வெளியேறுவதுதான், இயற்பியல் மாற்றம். இட்லி மாவிலும் குமிழி வருகிறது. அங்கே நுண்ணுயிரிகள் புதிதாக வாயுவையும் அமிலத்தையும் உண்டாக்குகின்றன, வேதியியல் மாற்றம். உலையில் காய்ச்சிய உளி சிவந்து ஒளிர்வது வெறும் சூட்டினால். அதன் மேல் கறுப்பாகச் செதில் படிவது, இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்ததால்.

இந்தப் பாடத்துக்குப் பூஜை அறைக் கற்பூரத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். டப்பாவைத் திறந்து வைத்தால் கற்பூரம் நாளடைவில் காணாமல் போய்விடும். அது ஆவியாகிப் போனது, இயற்பியல். அதே கற்பூரத்தை ஏற்றினாலும் காணாமல் போய்விடும். அது எரிந்து வேறு பொருள்களானது, வேதியியல். இரண்டிலும் தட்டு காலிதான். என்ன ஆயிற்று என்று காற்றைத்தான் கேட்க வேண்டும்!

மூன்றாவது வகையும் இருக்கிறது

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் முதல் உலை 1984-ல் வணிகரீதியாக மின்சாரம் தரத் தொடங்கியது. அங்கே நடப்பது இயற்பியல் மாற்றமும் இல்லை, வேதியியல் மாற்றமும் இல்லை. இயற்பியல் மாற்றத்தில் பொருள் அப்படியே இருக்கும். வேதியியல் மாற்றத்தில் அணுக்கள் கூட்டாளிகளை மாற்றிக்கொள்ளும், ஆனால் இரும்பு அணு இரும்பு அணுவாகவே இருக்கும். அணுக்கருப் பிளவில் யுரேனியம் அணுவே பிளந்து வேறு தனிமங்களாகிவிடும். உப்பளம், சுண்ணாம்புச் சூளை, அணு உலை என்று மூன்று வகை மாற்றங்களுக்கும் இந்த ஒரே கடலோரத்தில் உதாரணம் கிடைக்கிறது.

விடுமுறையில் குழந்தைகளோடு மாமல்லபுரம் போகிறீர்களா? அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தையும் கடற்கரைக் கோயில் சிற்பங்களையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். அலையிலிருந்து விலகி ஊருக்குள் இருக்கும் சிற்பத்தில் எவ்வளவு நுணுக்கம் மிஞ்சியிருக்கிறது, அலையோரத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று அவர்களே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சிற்பத்தை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கைகளின் வியர்வையிலும் உப்பு இருக்கிறது.